விண்மீன் பார்க்க எந்தப் பாலைவனம்?

(வானியல் ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொலைநோக்கி வாங்கியவர்கள் எல்லாரும் கொஞ்ச நாளில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இந்தியாவிலேயே ரொம்ப இருட்டான இடம் எது? அங்கே எப்படிப் போவது?" நியாயமான கேள்வி. சென்னையில், கோவையில் மொட்டைமாடி ஏறிப் பார்த்தால் நிலவு தெரியும், கோள்கள் தெரியும், எண்ணிவிடக்கூடிய அளவில் விண்மீன்கள் தெரியும். பால்வழி மண்டலம் மட்டும் புத்தகத்தில் பார்த்த படமாகவே நின்றுவிடுகிறது. இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. 2016-இல் வெளிவந்த உலக இரவு வான வரைபடத்தின்படி, மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வழி தெரிவதே இல்லை. அதனால் இருட்டைத் தேடிப் பயணம் போக வேண்டிய காலத்தில் இருக்கிறோம். தேடுகிறவர்களின் மனம் முதலில் பாலைவனத்துக்குத்தான் போகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலைவனத்தில் இடம் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அங்கே போய் எதைப் பார்க்கப் போகிறோம்? அங்கே காற்று எப்படி இருக்கும்? அங்கே விளக்கை யார் அடக்கி வைக்கிறார்கள்? முதல் இரண்டையும் பலர் கேட்கிறார்கள். மூன்றாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. அதற்கு விடை இல்லாத இடம், இன்றைக்கு எவ்வளவு இருட்டாக இருந்தாலும் நம் பிள்ளைகள் போகும்போது இருட்டாக இருக்காது.

இருட்டுக்கும் அளவு உண்டு

வானத்தின் ஒரு சிறு சதுரப் பரப்பிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று அளந்து, அதை விண்மீன்களுக்குச் சொல்வதுபோல ஓர் எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூட இருட்டும் கூடும். நிலவில்லாத இரவில், மனிதர் ஏற்றிய விளக்கு எதுவும் எட்டாத இடத்தில், உச்சி வானத்தின் அளவு ஏறத்தாழ 22. பெருநகரத்தின் நடுவில் இது 17, 18 என்று இருக்கும். ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. 17 காட்டும் நகர வானம், இயற்கை வானத்தைவிட நூறு மடங்கு வெளிச்சமானது. கைக்குள் அடங்கும் ஒரு மீட்டரை உச்சியை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் இந்த எண் வந்துவிடும்.

மீட்டர் இல்லாதவர்களுக்குப் போர்ட்டில் அளவுகோல் இருக்கிறது. ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க ஆர்வலர் 2001-இல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழில் வெளியிட்டது. மொத்தம் ஒன்பது படிகள். ஒன்றாம் படி மிக இருண்ட வானம், ஒன்பதாம் படி பெருநகர வானம். வெறுங்கண்ணுக்கு எதெது தெரிகிறது என்பதை வைத்தே நாம் நிற்கும் இடம் எந்தப் படி என்று முடிவு செய்துவிடலாம். முக்கோண விண்மீன் குழுவில் மெஸ்ஸியர் 33 என்றொரு விண்மீன் மண்டலம் இருக்கிறது. அது வெறுங்கண்ணுக்கு நேராகப் பார்க்கும்போதே பளிச்செனத் தெரிந்தால் மிக நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இதைவிட எளிய சோதனை ஒன்று மேகம். நகரத்தில் மேகம் வந்தால் கீழேயிருந்து விளக்கொளி பட்டு அது வெளுத்துத் தெரியும். வானத்தைவிட மேகம்தான் அங்கே வெளிச்சம். உண்மையாகவே இருண்ட இடத்தில் இது தலைகீழாக இருக்கும். மேகத் துண்டு கன்னங்கரேலென்று இருக்கும். விண்மீன்கள் ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக மறைந்துகொண்டே வருவதைப் பார்த்துத்தான் அங்கே மேகம் நகர்கிறது என்றே நமக்குத் தெரியும். புது இடத்துக்குப் போனதும் ஒரு முறை அடிவானத்தைச் சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கத்து மேகத்தின் அடி வெளுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இருண்ட வானம் முழுக் கறுப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தரையிலிருந்து நூறு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, காற்றில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் இரவிலும் மெல்லிய பச்சை ஒளி வீசுகின்றன. சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் அது கூடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழிந்த பின், மேற்கு அடிவானத்திலிருந்து ஒரு கூம்பு சாய்வாக எழுந்து நிற்கும். புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்து, "ஏதோ நகரத்து வெளிச்சம் தெரிகிறதே" என்று மனம் சோர்ந்துவிடுவார்கள். கோள்கள் சுற்றும் தளத்தில் பரவிக் கிடக்கும் தூசியில் சூரிய ஒளி சிதறி வரும் ராசி ஒளி அது. நகரத்தில் இருந்தால் அது கண்ணில் படவே படாது. அதைக் காண்பதே நல்ல இடத்துக்குச் சான்று.

வரைபடம் சொல்லாதவை

இப்போது எல்லாரும் செய்வது என்ன? செயற்கைக்கோள் எடுத்த இரவு ஒளி வரைபடத்தைக் கைபேசியில் திறந்து, கறுப்பாகக் கிடக்கும் இடத்தைத் தேடுவது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்தப் படம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். 2011-இல் ஏவப்பட்ட சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோளின் கருவி, மேல் நோக்கி வரும் ஒளியை மட்டுமே பதிவு செய்கிறது. பக்கவாட்டில் பரவிக் காற்றில் சிதறும் ஒளி, விளக்கே இல்லாத நிலத்தின் வானத்தையும் வெளுக்க வைக்கும். படத்தில் கறுப்பாக இருக்கும் நிலத்துக்கு மேலே வானம் கறுப்பாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தக் கருவிக்கு நீல ஒளி தெரியாது. வெள்ளை எல்.இ.டி. விளக்கில் நீலம் மிகுதி. காற்றில் அதிகம் சிதறுவதும் நீலம்தான். மஞ்சள் சோடிய விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்ட ஊர், படத்தில் முன்னைவிட மங்கலாகத் தெரியலாம். ஆனால் அந்த ஊருக்கு மேலே இருக்கும் வானம் முன்னைவிட வெளுத்திருக்கலாம்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மெர்ல் வாக்கர் என்ற வானியலாளர் 1970-களில் கலிபோர்னியாவின் நகரங்களை அளந்து ஒரு விதி கண்டார். ஊரின் வான வெளிச்சம் மக்கள்தொகைக்கு ஏற்பக் கூடும். தூரத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏற்பக் குறையும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அந்தக் கணக்கின்படி, பத்து இலட்சம் பேர் வாழும் நகரம் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அந்தப் பக்கத்து வானத்தின் இயற்கை ஒளியோடு ஏறத்தாழ 10 விழுக்காடு சேரும். அதே நகரம் ஐம்பது கிலோமீட்டரில் இருந்தால் 50 விழுக்காட்டுக்கு மேல் சேரும். இன்னொரு விதமாகவும் இதைப் பாருங்கள். ஆயிரம் பேர் வாழும் சிற்றூர் ஐந்து கிலோமீட்டரில் இருந்தால், அது பத்து இலட்சம் பேர் வாழும் நகரம் எண்பது கிலோமீட்டரில் இருப்பதற்குச் சமம்.

விளக்கு வகைகள் மாறிவிட்டதால் இன்று இந்த எண்கள் அச்சாகப் பொருந்தா. ஆனாலும் அவை கற்பிக்கும் பாடம் மாறவில்லை. தூரத்து நகரத்தைவிடப் பக்கத்து ஊரின் விளக்குதான் நம் இரவைத் தீர்மானிக்கிறது.

மூன்று பாலைகள்

இந்தியாவில் பாலைவனம் என்றால் மூன்று நிலங்கள் கண்முன் வருகின்றன. ராஜஸ்தானின் தார், குஜராத்தின் கட்ச் உப்புப் பாலை, லடாக்கின் குளிர்பாலை.

தார் என்றதும் ஜெய்சல்மேர்தான் எல்லாருக்கும் நினைவு வரும். போவது எளிது. உயரம் கிடையாது, மூச்சுத் திணறல் இல்லை, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும். கோடையில் போகக் கூடாது. ஏப்ரலுக்குப் பின் அனல்காற்றும் புழுதிப் புயலும் எழும். வானம் சாம்பல் நிறத்தில் கிடக்கும். குளிர்காலத்திலும் இடம் பார்த்துப் போக வேண்டும். சாம் மணற்குன்றுகளில் வரிசையாகச் சுற்றுலாக் கூடாரங்கள். இரவு நெடுநேரம் வரை ஆட்டமும் பாட்டும் விளக்குமாக இருக்கும். சுற்றிலும் காற்றாலைகள், அவற்றின் தலையில் சிவப்பு விளக்கு.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "சரி, இன்னும் மேற்கே போவோம், அங்கே யாருமே இல்லை" என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கேதான் எல்லைவேலி இருக்கிறது. இந்திய–பாகிஸ்தான் எல்லையில் இரவு முழுவதும் எரியும் விளக்குவரிசை, 2011-இல் விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படத்தில் ஆரஞ்சு நிறக் கோடாகத் தெரிகிறது. ஆள் இல்லாத நிலமெல்லாம் இருண்ட நிலமாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நாட்டின் பாதுகாப்புக்காக எரியும் விளக்கோடு நமக்கு வழக்கு எதுவும் இல்லை. நாம்தான் விலகி இடம் பார்க்க வேண்டும்.

கட்ச் இன்னும் அழகான நிலம். ஹரப்பா நாகரிகத்தின் தோலாவிரா இருக்கும் பக்கத்தில், நான்கு திசையும் அடிவானம் வரை தடையே இல்லை. தென்வானம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது பெரிய வசதி. மழைக்காலத்தில் ரண் எனப்படும் அந்த உப்பு நிலம் முழுவதும் நீர் நிற்கும். அது வற்றி உப்புப் படிந்த பிறகுதான் நடமாட முடியும். கடல் பக்கம் என்பதால் குளிர்கால இரவுகளில் பனி இறங்கி லென்ஸ் வேர்க்கும். தோர்டோ பக்கம் ரண் உத்சவம் என்ற சுற்றுலா விழாவின் கூடாரங்கள் இருக்கும் மாதங்களில் வெளிச்சம் அதிகம். காவடா அருகே எழுந்துவரும் பெரும் சூரிய மின், காற்றாலைப் பூங்காவும் இனிமேல் அந்த வானத்தின் கணக்கில் சேரும். தூய ஆற்றல் நாட்டுக்குத் தேவை. அதன் விளக்குகளுக்கு மூடி போடுவதும் எளிதுதான்.

மூன்றாவது, லடாக். அதிலும் ஹான்லே. அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

ஹான்லே: காற்றும் உயரமும்

லே நகரிலிருந்து சிந்து நதியோரமாக உப்ஷி, மாஹே, நியோமா, லோமா என்று 250 கிலோமீட்டருக்கு மேல் போனால் ஹான்லே சமவெளி வரும். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் அங்கே ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1990-களில் நாடெங்கும் இடம் தேடி, இமயத்துக்கு அப்பால் இந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 2000-இல் இரண்டு மீட்டர் தொலைநோக்கி முதல் ஒளியைப் பெற்றது. அதற்கு வான் இயற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் வைத்தார்கள். பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக அதை இயக்குகிறார்கள்.

வல்லுநர்கள் ஏன் அவ்வளவு தூரம் போனார்கள்? இமயமலை பருவமழையைத் தடுத்துவிடுவதால் அது மழைமறைவு நிலம். ஆண்டு முழுவதும் விழும் மழையும் பனியும் சேர்ந்து பத்து சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆண்டில் 250 இரவுகளுக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் நோக்கப் பயன்படுகின்றன. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 57 விழுக்காடுதான் அங்கே. கீழே கிடக்கும் ஈரம், புழுதி, புகை எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறோம். போர்ட்டில் அளவுகோலில் முதல் படி வானம். பால்வழியின் மையப்பகுதி நள்ளிரவில் தெற்கே நிற்கும் ஜூன், ஜூலை மாதங்களில் நம் ஊர்களில் பெரும்பாலும் மேகம். அந்த மாதங்களில் மேகம் குறைந்த இந்திய வானம் லடாக்கில்தான் இருக்கிறது.

வானம் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. காற்று அசையாமலும் இருக்க வேண்டும். பாலைநிலம் பகலில் கொதித்து இரவில் சட்டென்று குளிரும். மாலையில் தரையிலிருந்து எழும் வெப்பத்தால் விண்மீன்கள் துடிக்கும். வியாழனின் பட்டைகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல நெளியும். தொலைநோக்கியின் கண்ணாடியும் இதில் சேர்த்தி. அறைக்குள் இருந்த கண்ணாடியை அப்படியே வெளியே கொண்டுவந்தால், அது வெளிக்காற்றின் குளிருக்கு இறங்கும்வரை விண்மீன்கள் ஊதிப்போன பொட்டுகளாகவே தெரியும். வெளியில் வெப்பம் மளமளவென்று இறங்கிக்கொண்டிருக்கும்போது பெரிய கண்ணாடி அதைத் துரத்திக்கொண்டே போகும். அதனால்தான் அனுபவசாலிகள் சூரியன் மறைவதற்கு முன்பே டாப்சோனியன் தொலைநோக்கியை வெளியே எடுத்து வைத்து, அடிப்பக்கத்து விசிறியை ஓடவிடுகிறார்கள். கோள்களைப் பார்க்க நள்ளிரவுக்குப் பின் காத்திருங்கள். பள்ளத்தின் அடியில் குளிர்காற்று தேங்கும். சற்றே மேடான சரிவில் தொலைநோக்கியை வைப்பது நல்லது.

உயரத்தைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. மங்கலான ஒளியைக் காணும் கண்ணின் திறனுக்கு ஆக்சிஜன் தேவை. உயரம் ஏறி ஆக்சிஜன் குறையும்போது விழித்திரையின் அந்தத் திறனும் குறைகிறது. ஹவாய்த் தீவின் மவுனா கியா சிகரம் 4,200 மீட்டர். அங்கே போகிறவர்கள், 2,800 மீட்டரில் இருக்கும் பார்வையாளர் நிலையத்தில்தான் வெறுங்கண்ணுக்கு விண்மீன்கள் அதிகம் தெரிவதாகச் சொல்வார்கள். கேமராவுக்கு இந்தக் குறை கிடையாது. படம் எடுக்கப் போகிறவருக்கு ஹான்லே முழுப் பயன் தரும். கண்ணால் பார்க்கப் போகிறவர், உடம்பு உயரத்துக்குப் பழகாமல் தொலைநோக்கியிடம் போய் நின்றால் பாதி வானத்தை இழக்கிறார்.

ஆகவே அவசரம் கூடாது. லேயே 3,500 மீட்டர். அங்கே இரண்டு மூன்று நாளாவது தங்கி, உடம்பு பழகிய பிறகே மேலே போக வேண்டும். தலைவலி, வாந்தி, படுத்திருக்கும்போதும் மூச்சுத் திணறல் என்று வந்தால் அன்றைக்கு வானம் எப்படி இருந்தாலும் கீழே இறங்கிவிட வேண்டும். இதயம், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. எல்லைப்பகுதி என்பதால் அனுமதிச் சீட்டு வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரிகளைச் சட்டைக்குள் உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அங்கே 85 டிகிரிக்கே கொதித்துவிடும், பருப்பு வேகாது. சமைக்கிறவர்கள் பிரஷர் குக்கரை நம்பித்தான் இருக்கிறார்கள். சின்ன விஷயங்களாகத் தோன்றும். வயிறு நிறைந்து, கை விறைக்காமல் இருப்பவர்தான் விடியும்வரை தொலைநோக்கியின் பக்கத்தில் நிற்க முடியும்.

எதைப் பார்க்கப் போகிறோம்?

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். தெற்கே போகப் போகத் தென்வானம் உயரும். வடக்கே போகப் போக அது அடிவானத்துக்குள் மூழ்கும். அகத்திய நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு வானத்து விண்மீன்களில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். ஜவ்வாது மலையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 25 பாகை வரை ஏறும். தோலாவிராவில் 13 பாகை. ஹான்லேயில் நாலரை பாகைதான். எதிரே ஒரு மலைமுகடு இருந்தால் அது தெரியாமலே போய்விடும்.

ஒமேகா செண்டாரி என்ற மாபெரும் விண்மீன் கொத்தும் அப்படித்தான். நம் ஊரில் 30 பாகை உயரத்தில் நிற்கிறது. ஹான்லேயில் பத்துப் பாகைக்கும் கீழே. பெரிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் மண்டலம் ஹான்லேயில் உதிப்பதே இல்லை. கன்னியாகுமரியிலோ ராமேஸ்வரத்திலோ இருண்ட, தெளிந்த தெற்கு அடிவானம் வாய்த்தால் அது தலைகாட்டும்.

தென்வானம் பார்க்க ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே போவதில் பொருள் இல்லை. ஆந்திரமேடா, முக்கோணம், பால்வழியின் வடக்குக் கை, ராசி ஒளி, மங்கலான வளிமேகங்கள் என்று திட்டம் இருந்தால் ஹான்லேக்கு ஈடு இல்லை. குளிர்காலத்து ஓரியனை வசதியாகப் பார்க்க வேண்டும், குழந்தைகளும் கூட வருகிறார்கள் என்றால் தார் போதும், கட்ச் போதும். பட்டியலை முதலில் எழுதுங்கள், பிறகு பயணச்சீட்டு வாங்குங்கள். பஞ்சாங்கத்தில் அமாவாசையைப் பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் நாலைந்து நாட்களுக்குள் பயணத்தை அடக்குங்கள்.

இடத்துக்குப் பகலிலேயே போய்ச் சேருங்கள். தெற்கு அடிவானம் திறந்திருக்கிறதா, தரை கெட்டியா மணலா, வாகனங்களின் ஒளி நம் மேல் படுமா, காற்றுக்கு மறைவு உண்டா என்று பார்த்துவிட்டு, நிலத்துக்கு உரியவரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரே ஒரு கைபேசித் திரை அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். மங்கலான சிவப்பு டார்ச் மட்டும் போதும்.

விளக்கை யார் அடக்குகிறார்கள்?

மூன்றாவது கேள்வி. ஹான்லேயை நான் உயர்த்திச் சொல்வது அதன் உயரத்துக்காகவோ வறட்சிக்காகவோ அல்ல. அங்கே வாழும் மக்களுக்காக.

2022 டிசம்பரில் வானாய்வகத்தைச் சுற்றி 22 கிலோமீட்டர் ஆரத்துக்குள், 1,073 சதுர கிலோமீட்டர் நிலம் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய காப்பகம் இதுவே முதல். யூனியன் பிரதேச நிர்வாகம், லே தன்னாட்சி மலை வளர்ச்சி மன்றம், இந்திய வான் இயற்பியல் நிறுவனம் மூன்றும் சேர்ந்து செய்த ஏற்பாடு. அந்த வட்டத்துக்குள் சிறு குடியிருப்புகளாக ஆயிரம் பேர் அளவில் வாழ்கிறார்கள். ஆயிரம் பேர் ஊர் ஐந்து கிலோமீட்டரில் இருந்தால் என்ன ஆகும் என்று முன்பு கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு அங்கே பலிக்காமல் இருப்பதற்குக் காரணம், அந்த ஆயிரம் பேர்தான். ஜன்னலுக்குக் கனத்த திரை போடுகிறார்கள். வெளிவிளக்குக்கு மூடி போட்டு ஒளியைத் தரை நோக்கித் திருப்பியிருக்கிறார்கள். இரவில் வருகிற வண்டிகள் ஹெட்லைட்டைத் தாழ்த்தி ஓட்ட வேண்டும்.

இதற்கு ஈடாக அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பது நம் கடமை. வெளிச்சம் வேண்டும் என்று பல தலைமுறை காத்திருந்த மக்களிடம் போய், "விளக்கை அணையுங்கள், நாங்கள் விண்மீன் பார்க்க வேண்டும்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அங்கே அதைச் சரியாகச் செய்தார்கள். ஊரில் இருந்தே இருபதுக்கு மேற்பட்டோரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். வானியல் பயிற்சி தந்து, தொலைநோக்கிகளும் கொடுத்தார்கள். வருகிறவர்கள் அவர்கள் வீட்டில் தங்குகிறார்கள். அவர்கள் முற்றத்தில் அவர்கள் தொலைநோக்கியில் சனியின் வளையத்தைப் பார்க்கிறார்கள். குழாயைத் திருப்பி, ஐபீஸைக் கூர்மையாக்கி, "இப்போது பாருங்கள்" என்று ஒதுங்கி நிற்பவர் அந்த ஊர்க்காரர். இருட்டு அவர்களுக்கு வருமானமும் ஆயிற்று, பெருமையும் ஆயிற்று. வானாய்வகத்தின் பொறுப்புப் பொறியாளர் தோர்ஜே அங்சுக் லடாக்கின் மைந்தர். அவர் எடுத்த வானப் படங்களை நீங்கள் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். 2024 மே மாதச் சூரியப் புயலின்போது ஹான்லே வானம் வடக்கே சிவந்ததை உலகம் பார்த்ததும் அங்கிருந்து வந்த படங்களில்தான்.

ஆகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அங்கே போங்கள். உங்கள் பணம் அந்த ஊரில், அந்த மக்கள் கையில் சேரட்டும். பெரிய ஜெனரேட்டரும் வெள்ளை விளக்குமாக ஒரு கூடார விடுதி "விண்மீன் சுற்றுலா" என்று விளம்பரம் செய்தால், அதற்குக் கொடுக்கும் பணம் அந்த வானத்தைக் கெடுக்கவே உதவும். போகிற நாமும் கூட்டமாகப் போய், கார்க் கதவைத் திறந்து மூடி, விளக்கு எரியவிட்டு அந்த ஊரின் கட்டுப்பாட்டைக் கலைக்கக் கூடாது. விருந்தாளி வீட்டுக்காரரைவிட ஒழுங்காக இருக்க வேண்டும்.

நம் குன்று

நிறைவாக நம் நிலத்துக்கு வருகிறேன். 1960-களின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்காக ஒரு மலையூரைத் தேர்ந்தெடுத்தார். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு மேலே, 725 மீட்டர் உயரத்தில் காவலூர். தென்வானம் நன்றாக எட்டும் அகலாங்கு என்பது அந்தத் தேர்வுக்கு ஒரு முக்கியக் காரணம். 1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது; வானாய்வகம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஹான்லேயில் உதிக்காத பல விண்மீன்கள் காவலூரில் அடிவானத்துக்கு மேலே ஏறுகின்றன. இந்தியாவின் எந்தப் பாலைவனமும் தர முடியாத தென்வானத்தை நம் மலை தருகிறது. நமக்குக் குறைந்துகொண்டே வருவது இருட்டு ஒன்றுதான். மலையைச் சுற்றியுள்ள சமவெளியில் ஊர்கள் வளர்கின்றன, சாலைகள் வளர்கின்றன. ஒவ்வொரு சாலை விளக்கும் கொஞ்சம் ஒளியை மேலே அனுப்புகிறது.

அந்த ஊர்கள் வளரட்டும். பெண்கள் பயமின்றி நடக்கத் தெருவில் வெளிச்சம் இருக்கட்டும். அந்த வெளிச்சம் தெருவில் விழட்டும் என்பதுதான் கோரிக்கை. மேலே போகும் ஒளியால் நடப்பவருக்குப் பயன் இல்லை. அதற்கும் சேர்த்தே மின்கட்டணம் கட்டுகிறோம். விளக்குக்கு மேல்மூடி, கண்ணைக் கூசும் வெள்ளைக்குப் பதிலாக இளமஞ்சள் பல்பு, ஆள் நடமாட்டம் ஓய்ந்த பின் ஒளியைக் குறைக்கும் ஏற்பாடு. இந்த மூன்றுக்கும் புது விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். ஊராட்சி தீர்மானம் போதும், விளக்கு வாங்கும் அலுவலரின் குறிப்பேட்டில் ஒரு வரி போதும்.

ஹான்லேக்குப் போய்வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். படங்களோடு அந்த ஊரின் ஏற்பாட்டையும் கற்றுக்கொண்டு வாருங்கள். ஜவ்வாது மலையின் பள்ளிக்கூடங்களில் ஒரு தொலைநோக்கியை வைத்து, மலைக் கிராமப் பிள்ளைகளுக்குச் சனியையும் ஒமேகா செண்டாரியையும் காட்டுங்கள். அவர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுங்கள், வருகிறவர்களுக்கு அவர்களே காட்டட்டும். உங்கள் சங்கத்தின் பெயரில் உங்கள் ஊராட்சிக்கு, நகராட்சிக்கு, விளக்குக்கு மூடி கேட்டு மனுக் கொடுங்கள்; பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். அதற்கு முன் அவரவர் வீட்டு வாசல் விளக்குக்கு ஒரு மூடி போடுங்கள். இருண்ட இடத்தைத் தேடிப் போகிறவர்கள், இருக்கிற இடத்தையும் கொஞ்சம் இருட்டாக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுக்க இடங்கள் மிஞ்சும்.